பொரி மணக்கும் கோப்பை

வறுத்த அரிசியும் பச்சைத் தேயிலையும் கலந்த ஜப்பானிய கென்மைச்சா, சிக்கனத்தில் பிறந்த பானம். அரிசி, தேயிலை இரண்டின் விலையும் ஏறிய 2025ஆம் ஆண்டு, இந்த எளிய கோப்பைக்குச் சோதனைக் காலமாக அமைந்தது.

பொட்டலத்தைப் பிரித்ததும் மூக்கை எட்டுவது பொரி வாசனை. ஆயுத பூஜையன்று பொரியும் பொட்டுக்கடலையும் கலந்து வைத்த தட்டைக் குனிந்து முகர்ந்தால் வருமே, கிட்டத்தட்ட அதுதான். தேயிலை வாசனை அதற்குப் பின்னால் ஒதுங்கி நிற்கிறது. கரும்பச்சை இலைத் துணுக்குகளுக்கு நடுவே பழுப்பு நிற அரிசி மணிகள். அங்கங்கே வெடித்துப் பூத்த வெள்ளைப் பொரி. கொதிக்கும் நீரை ஊற்றி அரை நிமிடம் காத்திருந்து வடித்தால், வெளிர் மஞ்சளும் பச்சையும் கலந்த ஒரு திரவம் கோப்பையில் விழுகிறது.

முதல் மிடறில் வறுத்த வேர்க்கடலையின் ருசி. அதைத் தொடர்ந்து நாக்கின் ஓரங்களில் லேசான துவர்ப்பு. விழுங்கிய பிறகு தொண்டைக்கு மேலே, மூக்கின் உட்புறத்தில், தேன் போன்ற ஒரு மெல்லிய இனிப்பு மணம். இதில் சர்க்கரை ஒரு சிட்டிகைகூட இல்லை. தேன் இல்லை. பாதாமோ முந்திரியோ இல்லை. அரிசியும் தேயிலையும் நெருப்பும் சேர்ந்து நாக்கை ஏமாற்றுகின்றன.

இந்தப் பானத்தின் பெயர் கென்மைச்சா. ஜப்பானில் விருந்தாளிக்கு முன் பெருமையோடு எடுத்து வைக்கிற தேநீர் அல்ல இது. சாப்பாட்டோடும் சாப்பாட்டுக்குப் பின்னும் வீட்டில் குடிப்பது. விலை உயர்ந்த தேயிலையோடு மலிவான அரிசியைச் சேர்த்து, கையிருப்பை இரண்டு மடங்காக்கிய சிக்கன புத்தியின் விளைவு என்பதால், 'ஏழைகளின் தேநீர்' என்ற பட்டப் பெயரும் உண்டு. 2025இல் அந்தக் கணக்கு இரண்டு பக்கமும் இடித்தது. ஜப்பானில் அரிசி விலை ஒரே ஆண்டில் இரு மடங்கானது. மாச்சா மோகத்தால் தேயிலை விலையும் எகிறியது. ஏழையின் கோப்பையில் இருந்த இரண்டு பொருள்களும் எளிதில் எட்டாத பொருள்கள் ஆகிவிட்டன.

பெயரில் ஒரு பொய்

கென்மை என்றால் உமி மட்டும் நீக்கிய அரிசி. நம் கைக்குத்தல் அரிசியைப் போலத் தவிடு போகாதது. சா என்றால் தேநீர். ஆனால் கடைகளில் விற்கும் பெரும்பாலான கென்மைச்சாவில் தவிட்டு அரிசி கிடையாது. தீட்டிய வெள்ளை அரிசியோ, 'மோச்சி' பலகாரத்துக்கு உதவும் பசையரிசியோதான் இருக்கும். வறுக்கும்போது ஏறுகிற பழுப்பு நிறத்தைப் பார்த்து அதைத் தவிட்டு நிறம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

தயாரிப்பு முறை நம் வீட்டு அடுப்படிக்கு அந்நியமானதல்ல. அரிசியைக் கழுவி ஊற வைக்கிறார்கள். ஆவியில் வேக வைத்து உலர்த்துகிறார்கள். பிறகு சூடான உருளையில் போட்டு வறுக்கிறார்கள். நெல்லை ஊற வைத்து, அவித்து, காய வைத்துப் பின்னர் பொரிக்கிற நம் பொரிக்காரர்களுக்கு இதில் பாதி வேலை தெரிந்ததுதான். சூட்டில் சில மணிகள் வெடித்து வெள்ளையாக மலரும். ஜப்பானியர் இவற்றுக்கு 'பூ' என்று பொருள்படும் 'ஹனா' என்ற பெயரை வைத்திருக்கிறார்கள். இந்தப் பொரியைப் பார்த்த அமெரிக்கர்கள் இதைச் சோளப்பொரித் தேநீர் என்று அழைத்தார்கள்.

வறுத்த அரிசியும் தேயிலையும் ஏறத்தாழ சரிபாதி அளவில் கலக்கப்படுகின்றன. தேயிலை பெரும்பாலும் 'பன்ச்சா', அதாவது பருவத்தின் பிற்பகுதியில் பறிக்கும் முற்றிய இலை. சற்று உயர்ந்த ரகத்தில் 'சென்ச்சா'. இலையின் பங்கு பாதியாகக் குறைவதால் காபீனும் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. மாலையிலும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் குழந்தைகள், முதியவர்கள் உட்பட வீட்டில் எல்லோருக்கும் கொடுக்க முடிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தேன் எங்கிருந்து வந்தது?

தேன் இல்லாத கோப்பையில் தேன் மணப்பதற்குப் பின்னால் சமையலறை வேதியியல் இருக்கிறது. அரிசியில் கொஞ்சம் புரதம் உண்டு. கொஞ்சம் சர்க்கரையும் உண்டு. வறுக்கும் சூட்டில் அமினோ அமிலங்களும் சர்க்கரையும் வினைபுரிந்து நிறமும் மணமும் தரும் பொருள்களாக மாறுகின்றன. ரொட்டியின் மேல்தோல் சிவப்பதும், காபிக் கொட்டை மணப்பதும், தோசை ஓரம் முறுகுவதும் இதே வினையால்தான். 1912இல் இதை விவரித்த பிரெஞ்சு வேதியியலாளர் மயார்டின் பெயரை இது இன்னும் சுமக்கிறது.

இந்த வினையில் பிறக்கும் பைரசின்கள் என்ற சேர்மங்கள்தான் கடலை, பாதாம், எள் ஆகியவற்றை வறுக்கும்போது எழுகிற வாசனைக்குக் காரணம். ஆகவே அரிசியிலும் அதே கொட்டைப் பருப்பு வாசனை. பினைல்அலனின் என்ற அமினோ அமிலம் சூட்டில் சிதையும்போது தேனை நினைவூட்டும் மணப்பொருள் ஒன்று உண்டாகிறது. உண்மையான தேனின் மணத்திலும் அதற்குப் பங்கு உண்டு. நாக்கில் இனிப்பு குறைவு. ஆனால் மூக்கு 'இனிப்பு' என்று சொல்லிவிட்டால் மூளை அதை ஒப்புக்கொள்கிறது.

தேயிலை தருவது வேறு. ஜப்பானில் பறித்த இலையை உடனடியாக ஆவியில் காட்டுகிறார்கள். இலை கறுக்கக் காரணமான நொதிகள் அத்துடன் செயலிழந்து, பச்சை நிறம் தங்கிவிடுகிறது. சீனாவில் பெரும்பாலும் இதையே வாணலியில் வாட்டிச் செய்கிறார்கள். அதனால்தான் சீனப் பச்சைத் தேநீரில் வாட்டிய மணமும், ஜப்பானியத் தேநீரில் வேக வைத்த கீரையையும் கடற்பாசியையும் நினைவூட்டும் மணமும் வருகின்றன. தியானின் என்ற அமினோ அமிலம் இலைக்கு இனிப்பு கலந்த சாரத்தைத் தருகிறது. கேட்டகின்கள் துவர்ப்பைத் தருகின்றன. முற்றிய பன்ச்சா இலையில் தியானின் குறைவு. தனியாகக் குடித்தால் வெறுமையாகத் தோன்றும். அந்த வெறுமையைத்தான் வறுத்த அரிசி நிரப்புகிறது.

கோப்பையில் பார்ப்பது

கென்மைச்சாவை ருசி பார்க்கச் சடங்கு எதுவும் தேவையில்லை. ஒரு பெரிய கோப்பைக்கு மூன்று அல்லது நான்கு கிராம், அதாவது இரண்டு தேக்கரண்டி போதும். தண்ணீர் சூடாக இருக்க வேண்டும். உயர் ரக 'கியோகுரோ'வுக்கு 50, 60 டிகிரி வரை ஆற வைத்த நீரை ஊற்றி இரண்டு நிமிடம் தவமிருப்பார்கள். சூடு கூடினால் அந்த மென்மையான இலை கசந்துவிடும். கென்மைச்சாவுக்கு இந்தக் கவலை கிடையாது. கொதித்து இறக்கிய நீரையே ஊற்றலாம். அரிசியின் மணத்தை வெளியே இழுக்க அந்தச் சூடு வேண்டும். அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடத்துக்குள் வடித்துவிட வேண்டும். அதற்கு மேல் விட்டால் துவர்ப்பு முந்திக்கொள்ளும்.

வடிப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. பானையில் ஒரு சொட்டுகூடத் தங்காமல் கடைசிவரை ஊற்றிவிடுகிறார்கள். தங்கிய நீரில் இலை ஊறிக்கொண்டே இருந்தால் அடுத்த கோப்பை கெட்டுவிடும். பல கோப்பைகள் என்றால் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, மறுபடியும் திரும்பி வந்து நிரப்புகிறார்கள். முதல் கோப்பை வெளிறியும் கடைசிக் கோப்பை கறுத்தும் போகாமல் எல்லோருக்கும் ஒரே பதமாகக் கிடைக்கிறது.

முதல் வடிப்பில் அரிசியின் ஆட்சி. இரண்டாவது முறை நீர் ஊற்றும்போது பொரி மணம் பாதி அடங்கி, இலை எட்டிப் பார்க்கிறது. ஒரு கென்மைச்சாவில் எப்படிப்பட்ட தேயிலை போட்டிருக்கிறார்கள் என்பது இந்த இரண்டாவது கோப்பையில்தான் தெரியும். நல்ல இலை என்றால் பசுமையான வாசனையும் இதமான துவர்ப்பும் இருக்கும். கழிவு இலை என்றால் வைக்கோல் ஊறிய நீர் போலிருக்கும்.

பணியாளும் பண்டிகைப் பலகாரமும்

கென்மைச்சா எப்படிப் பிறந்தது என்பதற்கு அடிக்கடி சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. 15ஆம் நூற்றாண்டில் ஹகோனே மலைப் பகுதியில் ஒரு சாமுராய்க்கு அவருடைய பணியாள் தேநீர் ஊற்றினான். அவன் சட்டைக் கைக்குள் ஒளித்து வைத்திருந்த வறுத்த அரிசி கோப்பைக்குள் விழுந்தது. கோபத்தில் சாமுராய் அவன் தலையை வெட்டினார். பிறகு அந்தத் தேநீரைக் குடித்துப் பார்த்தார். ருசி பிடித்துப்போனது. பணியாளின் நினைவாக அதற்கு அவன் பெயரையே சூட்டினார். அவன் பெயர் கென்மை.

கதை விறுவிறுப்பாக இருக்கிறது. ஆனால் வரலாறு இடம் கொடுக்கவில்லை. சீனாவிலிருந்து ஏய்சாய் என்ற பௌத்தத் துறவி 1191இல் தேயிலை விதைகளைக் கொண்டுவந்த பிறகு, ஜப்பானிய மடங்களிலும் மேட்டுக்குடி வீடுகளிலும் புழங்கியது அரைத்த தூள் தேநீர். சாதாரண மக்கள் குடித்தது பழுப்பு நிறத்தில் இறங்கும் முரட்டு இலை. இன்று நாம் அறிந்த பச்சை இலைத் தேநீரைச் செய்யும் முறையைக் கியோட்டோவுக்கு அருகே உஜிதவாராவில் நாகதானி சோயென் என்ற விவசாயி வகுத்தது 1738இல். அந்த முறை வருவதற்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே சாமுராய் கென்மைச்சா குடித்திருக்க முடியாது.

இன்னொரு கதைக்கு நம்பகத்தன்மை அதிகம். புத்தாண்டுக்கு ஜப்பானிய வீடுகளில் 'ககாமி மோச்சி' என்ற பெயரில் இரண்டு அடுக்கு அரிசிப் பலகாரத்தைத் தெய்வத்துக்குப் படைப்பது வழக்கம். ஜனவரி 11 வாக்கில் அதை எடுத்து உடைப்பார்கள். கத்தி படுவது அபசகுனம் என்பதால் சுத்தியலால் தட்டி உடைப்பார்கள். அதற்குள் கல்லாகக் காய்ந்திருக்கும் பலகாரம் தூள்தூளாகச் சிதறும். படைத்த பண்டத்தை எறிய மனம் வராத கியோட்டோ தேயிலை வியாபாரி ஒருவர், அந்தத் துகள்களை வறுத்துத் தேயிலையில் கலந்தார் என்கிறார்கள். காலம், 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. கியோட்டோவின் தெராமாச்சி வீதியில் உள்ள ஹோரைதோ என்ற பழைய தேயிலைக் கடை, கென்மைச்சா தங்கள் கடையில் பிறந்தது என்று உரிமை கொண்டாடுகிறது.

எறிய மனம் வராத இந்தக் குணம் கியோட்டோ சமையலில் வேறு இடங்களிலும் தெரிகிறது. மிஞ்சிய சோற்றின் மேல் சூடான தேநீரை ஊற்றி ஊறுகாயோடு சாப்பிடுவது அங்கே அன்றாட வழக்கம். நீர் ஊற்றிய பழைய சோற்றையும் ஊறுகாயையும் அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கியோட்டோக்காரர்கள் அதற்கு 'புபுசுகே' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். விருந்தாளியிடம் "கொஞ்சம் புபுசுகே சாப்பிடுகிறீர்களா?" என்று வீட்டுக்காரர் கேட்டால், கிளம்பும் நேரம் வந்துவிட்டது என்று புரிந்துகொள்ள வேண்டும் என்பது அந்த ஊரைப் பற்றி மற்ற ஊர்க்காரர்கள் சொல்லும் வேடிக்கை.

அரிசி, நாணயமாக

ஜப்பானில் அரிசியை மலிவான பொருள் என்று சொல்வதில் ஒரு முரண்பாடு இருக்கிறது. 1603இலிருந்து 1868 வரை நீடித்த தோக்குகாவா ஆட்சியில் அரிசிதான் செல்வத்தின் அளவுகோல். ஒரு பிரபுவின் தகுதியை அவருடைய நிலம் எத்தனை 'கொக்கு' அரிசி விளைவிக்கும் என்பதை வைத்தே கணக்கிட்டார்கள். ஒரு கொக்கு என்பது ஏறத்தாழ 150 கிலோ. ஒரு மனிதனுக்கு ஓர் ஆண்டுக்குத் தேவையான அளவு என்று கருதப்பட்டது. வரி அரிசியாக வசூலானது. சாமுராய்களுக்குச் சம்பளமும் அரிசியாகவே தரப்பட்டது. அதை விளைவித்த உழவர்களோ பல ஊர்களில் வாற்கோதுமையும் சிறுதானியமும் கலந்துதான் உலை வைத்தார்கள்.

அரிசி விலை ஆட்சியையும் கவிழ்த்திருக்கிறது. 1918 கோடையில் தொயாமா கடற்கரையில் மீனவப் பெண்கள் விலையேற்றத்தை எதிர்த்து, தங்கள் ஊர் அரிசி கப்பலில் வெளியூர் போவதைத் தடுக்கத் திரண்டார்கள். அந்தப் பொறி நாடு முழுவதும் பரவியது. செப்டம்பரில் பிரதமர் தெராவுச்சி பதவி விலகினார். 1993இல் கோடை குளிர்ந்து பயிர் பொய்த்தபோது தாய்லாந்து உள்ளிட்ட நாடுகளிலிருந்து அரிசி இறக்குமதியானது. அந்த அனுபவத்துக்குப் பிறகு, 1995இல் அரசு அவசரக் கையிருப்பு முறையை ஏற்படுத்தியது.

அந்தக் கையிருப்பைச் சந்தை விலையைக் குறைக்கத் திறக்க வேண்டிய நாள் 2025 மார்ச்சில் வந்தது. 2023 கோடையின் கடும் வெப்பத்தில் தரமான அரிசி குறைந்தது. 2024 ஆகஸ்டில் பெரும் பூகம்ப எச்சரிக்கை வந்தபோது மக்கள் பயத்தில் வாங்கிக் குவித்தார்கள். கடைகளில் அலமாரிகள் காலியாயின. 2025 மே மாதத்தில் சூப்பர் மார்க்கெட்டுகளில் ஐந்து கிலோ அரிசியின் சராசரி விலை 4,200 யென்னைத் தாண்டியது. அன்றைய மாற்று விகிதத்தில் கிலோ சுமார் 500 ரூபாய். முந்தைய ஆண்டின் விலையைப் போல இரு மடங்கு. அந்த நேரம் பார்த்து விவசாய அமைச்சர் தாக்கு எத்தோ, தாம் அரிசி வாங்கியதே இல்லை, ஆதரவாளர்கள் நிறையக் கொடுக்கிறார்கள் என்று ஒரு கூட்டத்தில் பேசினார். சில நாட்களில் பதவியை இழந்தார். அடுத்து வந்த ஷின்ஜிரோ கோய்சுமி, அரசுக் கிடங்கின் பழைய அரிசியை ஐந்து கிலோ 2,000 யென் அளவில் கடைகளுக்கு வரச் செய்தார். வரிசைகள் நீண்டன. புது அரிசி வந்த இலையுதிர் காலத்தில் சராசரி விலை மறுபடியும் 4,000 யென்னைக் கடந்தது.

மாச்சா படுத்தும் பாடு

கோப்பையின் மறுபாதிக்கு வேறொரு திசையிலிருந்து நெருக்கடி வந்தது. தமிழ்க் காதுக்கு மச்சான் உறவுபோல் ஒலிக்கும் மாச்சா, நிழலில் வளர்த்த இலையை அரைத்த பச்சைத் தூள். தேநீர்ச் சடங்கின் மையப் பொருளாக இருந்த இது, சமூக ஊடகங்களின் தயவில் நியூயார்க்கிலிருந்து மும்பை வரை பால் கலந்த பானமாகவும் ஐஸ்கிரீமாகவும் கேக்காகவும் பரவியது. 2010இல் ஜப்பானில் 1,471 டன்னாக இருந்த மாச்சா உற்பத்தி, 2023இல் 4,176 டன் ஆனது. அப்படியும் போதவில்லை. 2024 இலையுதிர் காலத்தில் கியோட்டோவின் பெயர்பெற்ற கடைகள் ஒருவருக்கு இவ்வளவுதான் என்று கட்டுப்பாடு விதித்தன.

மாச்சாவுக்கு மூலப்பொருள் 'தென்ச்சா' இலை. பறிப்பதற்கு மூன்று, நான்கு வாரங்களுக்கு முன்பே செடிகளை மூடி நிழல் தர வேண்டும். வெயில் குறைந்தால் தியானின் துவர்ப்பாக மாறாமல் இலையிலேயே தங்கும். பறித்த இலையின் நரம்பை நீக்கிக் கல் இயந்திரத்தில் அரைத்தால் ஒரு மணி நேரத்துக்குக் கிடைப்பது 40 கிராம் அளவுதான். 2025 மே மாதம் கியோட்டோ ஏலத்தில் தென்ச்சாவின் சராசரி விலை கிலோ 8,235 யென், சுமார் 4,900 ரூபாய். முந்தைய ஆண்டைவிட 170 சதவீதம் அதிகம்.

இந்த விலையைப் பார்த்த பிறகு யார் சாதாரண சென்ச்சாவுக்காகத் தோட்டம் வைத்திருப்பார்கள்? தோட்டங்கள் ஒவ்வொன்றாகத் தென்ச்சாவுக்கு மாறத் தொடங்கின. இலைத் தேநீருக்கான வரத்து குறைந்தது. யாரும் பொருட்படுத்தாத பன்ச்சாவின் விலையும் 2025 இலையுதிர் கால அறுவடையில் வெகுவாக உயர்ந்தது. கென்மைச்சாவின் அடித்தளமே அந்த இலைதான்.

இதற்காக விவசாயியைக் குற்றம் சொல்ல முடியாது. நெடுங்காலம் அவர்களுக்குக் கிடைத்தது குறைந்துகொண்டே வந்த விலை. 1985இல் இத்தோ என் நிறுவனம் பச்சைத் தேநீரை டப்பாவில் அடைத்து விற்கத் தொடங்கியது. 1990இல் பிளாஸ்டிக் பாட்டிலில் விற்றது. இளைய தலைமுறைக்குத் தேநீர் என்றால் இயந்திரத்தில் காசு போட்டு எடுக்கும் குளிர்ந்த பாட்டில் என்றாகிவிட்டது. பானையும் வடிகட்டியும் இல்லாத வீடுகள் பெருகின. பாட்டில் நிறுவனங்களுக்கு வேண்டியது மலிவான இலை. மலைச்சரிவுகளில் கையால் பாடுபட்ட முதியவர்கள் ஓய்ந்தபோது பிள்ளைகள் அந்த இடத்துக்கு வரவில்லை. 2000க்கும் 2020க்கும் இடையில் தேயிலை பயிரிடும் பண்ணைகளின் எண்ணிக்கை கால் பங்காகச் சுருங்கியது. சமவெளியில் இயந்திரம் ஓட்டக்கூடிய ககோஷிமா, 2024இல் 27,000 டன் உற்பத்தியுடன், பல்லாண்டுகளாக முதலிடத்தில் இருந்த ஷிசுவோகாவை முந்தியது. ஷிசுவோகாவின் அளவு 25,800 டன். மீதமிருக்கும் விவசாயிக்கு மாச்சா கொடுத்த விலை, நியாயமான விலை கிடைத்த அபூர்வத் தருணம்.

சாராம்சமா, சத்தான இலையா?

விலை ஏறும்போது கலவைப் பானத்தில் கை வைப்பது எளிது. இலையைக் குறைக்கலாம். மலிவான இலையைப் போடலாம். அரிசியும் ஏறிவிட்டால் வேறு தானியத்தைச் சேர்க்கலாம். எல்லாவற்றையும் மறைக்க வாசனைச் சாராம்சம் இருக்கிறது. பாதாம் துண்டுகளும் தேன் வாசனையும் சேர்த்த 'வறுத்த அரிசிப் பச்சைத் தேநீர்' வகைகள் ஐரோப்பிய, அமெரிக்கக் கடைகளில் கிடைக்கின்றன. நாம் பார்த்தபடி, நல்ல கென்மைச்சாவில் தானாகவே இருக்கிற இரண்டு மணங்களைத்தான் இவை வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டுகின்றன.

பருப்பும் தேனும் பச்சைத் தேநீருக்குப் பகை என்று பொருளில்லை. நம் காஷ்மீரத்துக் காவா அதற்குச் சாட்சி. பச்சைத் தேயிலையைக் குங்குமப்பூ, ஏலக்காய், பட்டையோடு கொதிக்க வைத்து, சீவிய பாதாமும் தேனோ சர்க்கரையோ சேர்த்துப் பரிமாறுகிறார்கள். குளிர்நாட்டுக்கு வேண்டிய சூடும் சத்தும் அதில் உண்டு. அங்கே பாதாம் கண்ணுக்குத் தெரிகிறது. தேன் தேனாகவே இருக்கிறது. கொரியாவில் 'ஹியொன்மி நொக்சா' என்ற பெயரில் இதே அரிசித் தேநீர் பைகளில் அடைத்து வீட்டுக்கு வீடு புழங்குகிறது. சோறு வடித்த பானையின் அடியில் பிடித்த காந்தலில் நீர் ஊற்றிக் குடிக்கிற வழக்கமுள்ள நாடு அது. வறுபட்ட அரிசியின் ருசிக்கு அங்கே அறிமுகமே தேவைப்படவில்லை.

வாசனை சேர்த்ததை இனம் காண்பது கஷ்டமான காரியமல்ல. பொட்டலத்தைத் திறந்ததும் மிட்டாய்க் கடை வாசனை முகத்தில் அடித்தால் சந்தேகப்படலாம். வறுத்த அரிசியின் மணம் அப்படிப் பாயாது. வெந்நீர் பட்ட பிறகுதான் முழுமையாக எழும். சேர்த்த வாசனையில் பெரும்பகுதி முதல் வடிப்போடு போய்விடும். இரண்டாவது வடிப்பில் மிஞ்சுவது, வாங்கியவர் உண்மையில் எதற்குக் காசு கொடுத்தார் என்பதைச் சொல்லிவிடும். பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படிப்பதும் நல்லது. தேயிலை, அரிசி என்ற இரண்டு சொற்களோடு பட்டியல் முடிய வேண்டும். சில ரகங்களில் நிறத்துக்காகவும் செறிவுக்காகவும் கொஞ்சம் மாச்சா தூவியிருப்பார்கள். அது பழைய வழக்கம்தான். ஆனால் இனி விலையைக் கூட்டும்.

வாங்கியதைக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்துச் சீக்கிரம் தீர்த்துவிட வேண்டும். அரிசியில் உள்ள சிறிதளவு கொழுப்பு நாளாக நாளாகச் சிக்கு வாடை பிடிக்கும். ஓணம் முடிந்து மீந்த சிப்ஸும், தீபாவளி முடிந்து மறந்துபோன முறுக்கும் எப்படி மணக்கும் என்று தெரிந்தவர்கள் அந்த வாடையை உடனே கண்டுகொள்வார்கள்.

உடைந்த பலகாரத்தை எறிய மனமில்லாத ஒரு வியாபாரியின் கையில் தொடங்கிய பானம் என்பது உண்மையானால், கென்மைச்சாவுக்குப் பஞ்சம் புதிதல்ல. இருப்பதை வைத்து நிறைவான ஒன்றைச் செய்வதுதான் அதன் பிறவிக் குணம். அதில் குறைக்க முடியாதவை இரண்டுதான்: ஒழுங்காக வறுத்த அரிசி, ஒழுங்காகப் பதப்படுத்திய இலை. கோப்பையைக் குடித்து முடித்த பிறகு பானையின் அடியில் ஊறிப்போன அரிசி மணிகள் தங்கியிருக்கும். சிலர் அவற்றையும் கரண்டியால் எடுத்து, கொஞ்சம் உப்புத் தூவிச் சாப்பிட்டுவிடுகிறார்கள். ஐந்து கிலோ 4,200 யென் விற்ற ஆண்டில், அதை யாரும் கஞ்சத்தனம் என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.